பஃபர் ஜோன்: வெளிமண்டலமா, தாங்கலா, மிளையா?

கோத்தகிரியிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

உலகெங்கும் மலைக் காப்பகங்களை எப்படி நிர்வகிக்கிறார்கள் என்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்லூரி மாணவர்களும் கிராம வனக்குழுக்களில் இருப்பவர்களும் படிக்கவேண்டியது. தேசியப் பூங்கா, சரணாலயம், உயிர்க்கோளக் காப்பகம் வரை தடையில்லை. காப்பகத்தின் மையப் பகுதியை ஒட்டி, ஊர்களும் மக்களும் இருக்கும் பகுதியான 'பஃபர் ஜோன்' வந்ததும் வேலை நின்றுவிட்டது. நாளிதழ்கள் 'வெளிமண்டலம்' என்கின்றன. சில நூல்களில் 'இடைநிலை மண்டலம்', வேறு சிலவற்றில் 'தாங்கல் மண்டலம்'. எந்தச் சொல் இந்த வாக்கியத்தில் உட்காரும் என்று பார்த்துச் சொல்லுங்கள்:

"நேபாளத்தின் சாகர்மாதா தேசியப் பூங்காவுக்கு 2002இல் பஃபர் ஜோன் அறிவிக்கப்பட்டது. பூங்காவின் வருவாயில் 30 முதல் 50 விழுக்காடு வரை அங்கு வாழும் மக்களின் பணிகளுக்குச் செலவிட அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது."

வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும்.

——

பழனியிலிருந்து

தம்பிக்கு வாழ்த்துகள்.

புதிதாக ஏன் ஆக்கவேண்டும்? கோட்டை மதிலுக்கும் அகழிக்கும் வெளியே வளர்த்த காவற்காட்டுக்கு நம் முன்னோர் 'மிளை' என்று பெயரிட்டிருக்கிறார்கள். 'இளை' என்றும் வழங்கும். உள்ளே இருப்பதைக் காக்க வெளியே ஒரு காடு, இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்? இரண்டே எழுத்து, தூய தமிழ். நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புரியாது என்று யாராவது எழுதுவீர்கள் என்று தெரியும். புரியாத சொல்லைப் புரியவைப்பதற்குத்தான் கையேடு.

——

உதகையிலிருந்து

புலவர் ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

மிளை அருமையான சொல். ஆனால் அதை யாருக்கு எதிராக வளர்த்தார்கள், ஐயா? பகைவன் மதிலை நெருங்காமல் தடுப்பதற்கு. அந்தப் பெயரைப் பஃபர் ஜோனுக்கு வைத்தால், முதுமலையை ஒட்டிய மசினகுடியில் மாடு வைத்துப் பிழைப்பவரும், சீகூர்ப் பகுதியில் தலைமுறைகளாக வாழும் இருளரும் காட்டை முற்றுகையிட வந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். சட்டமே அப்படிச் சொல்லவில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006இல் சேர்க்கப்பட்ட பிரிவு புலிகள் காப்பகத்தை இரண்டாகப் பிரிக்கிறது. முதல் பகுதி புலிக்கு. இரண்டாவது பகுதி விலங்கும் மனிதச் செயல்பாடும் சேர்ந்து வாழ்வதற்கு. உள்ளூர் மக்களின் வாழ்வாதாரம், வளர்ச்சி, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கு உரிய மதிப்பளிக்கவேண்டும் என்றும், எல்லையைக் கிராம சபையைக் கலந்து வகுக்கவேண்டும் என்றும் அதில் இருக்கிறது. சட்டத்தின் நடைமுறை பற்றி எனக்குப் பல மனக்குறைகள் உண்டு. அதை இன்னொரு மடலில் கொட்டித் தீர்க்கிறேன். ஆனால் எழுத்தில் இருப்பது சேர்ந்து வாழ்தல். காவல் அரண் அல்ல.

'தாங்கல்' எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளி வேதியியல். சிறிதளவு அமிலமோ காரமோ சேர்த்தாலும் அதிகம் மாறாத கரைசலுக்குத் தாங்கல் கரைசல் என்று பெயர், அங்கே அது பொருத்தம்தான். நிலத்துக்கு வைத்தால், ஊர்கள் இருக்கும் பகுதி அடி தாங்குவதற்கென்றே விரித்த மெத்தை என்றாகிறது. காட்டு யானை ரேஷன் கடைச் சுவரை இடித்தால், 'உங்கள் இடம் தாங்கல்தானே, தாங்கிக்கொள்ளுங்கள்' என்று பெயரே பதில் சொல்லிவிடும். தவிர, காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடந்தாங்கலுக்குத் தாங்கல் மண்டலம் அறிவித்தால் எப்படி எழுதுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இடைநிலை என்பதை விட்டுவிடலாம். இடைநிலைப் பள்ளி, இடைநிலை ஆசிரியர் என்று அது வேறு வேலையில் இருக்கிறது.

வெளிமண்டலம்தான் எனக்கு உண்மையான சிக்கல், ஏனென்றால் அது மட்டும்தான் வழக்கில் இருக்கிறது. முதுமலைப் புலிகள் காப்பகத்தில் 321 சதுர கிலோமீட்டர் உள்மண்டலம், ஏறத்தாழ 367 சதுர கிலோமீட்டர் வெளிமண்டலம் என்பது செய்தியாளர் முதல் வேட்டைத் தடுப்புக் காவலர் வரை எல்லோர் வாயிலும் இருக்கிறது. சமவெளியில் உள்ள காப்பகத்துக்கு இது போதும். நடுவில் காடு, சுற்றிலும் ஊர், வரைபடத்தில் ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம்.

மலையில் வட்டம் செல்லாது. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் இறங்குபவர்கள் இதைக் கண்ணால் பார்க்கலாம். மேலே கேரட் தோட்டங்களும் சீகை மரங்களும், கீழே முட்காடும் வறண்ட மண்ணும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் நகரம் இருக்கிறது. புலிகள் காப்பகம் காலடியில். வரையாடுகளின் முக்கூர்த்தி தேசியப் பூங்கா மேற்கு விளிம்பில், நகரத்தைவிட உயரத்தில். இதில் எது உள்ளே, எது வெளியே? மாயாற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் உதகைதான் வெளிமண்டலம். கோத்தகிரியிலோ கரடி நெய்யையும் எண்ணெயையும் தேடிக் கோயில் கதவை உடைக்கிறது. குன்னூர்த் தோட்டங்களில் காட்டெருமை நகரும்வரை பசுந்தேயிலை பறிக்கும் பெண்கள் மூட்டையோடு மேட்டில் நிற்கிறார்கள். அந்தக் கரடிக்கும் காட்டெருமைக்கும் நம் வரைபடம் தெரியாது.

இது நீலகிரிக்கு மட்டும் உரிய விந்தை என்று நினைக்கவேண்டாம். கோத்தகிரித் தம்பி கொடுத்த வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். சாகர்மாதா 1976இல் தேசியப் பூங்கா ஆனது, 1979இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நாம்சே, கும்ஜுங் முதலிய ஷெர்பா ஊர்கள் அந்தப் பூங்காவின் நடுவில்தான் இருக்கின்றன. சட்டப்படி அந்த ஊர்கள் பூங்காவில் சேராதவை. 2002இல் பஃபர் ஜோன் அறிவித்தபோது தெற்கேயுள்ள பாரக் பகுதியோடு இவற்றையும் சேர்த்தார்கள். அதாவது அங்கே வெளிமண்டலத்தின் ஒரு பங்கு உள்ளே இருக்கிறது. 'பூங்காவின் உள்ளே அமைந்த வெளிமண்டலம்' என்று தம்பி எழுதினால் மாணவன் புத்தகத்தை மூடிவிடுவான்.

இன்னொன்றும் உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறு பாகை அளவுக்குக் குறைகிறது. வெப்பம் கூடக்கூட உயிரினங்கள் மேல்நோக்கி நகர்கின்றன. ஆகவே சிகரத்தை மட்டும் காத்தால் போதாது, சரிவும் அடிவாரமும் அதனோடு ஒட்டியிருக்கவேண்டும் என்பது மலைக் காப்பகங்களைப் பற்றிப் படிக்கும் எல்லோருக்கும் முதல் பாடம். 170 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சுவிட்சர்லாந்தின் தேசியப் பூங்காவை 1914இல் அமைத்தபோது, மரம் வெட்டக்கூடாது, வேட்டையாடக்கூடாது, குறித்த பாதையை விட்டு நடக்கக்கூடாது என்று கதவை இறுகச் சாத்தினார்கள். யுனெஸ்கோ 1971இல் மனிதனும் உயிர்க்கோளமும் என்ற திட்டத்தைத் தொடங்கிய பின் கதவைச் சற்றே திறந்து, மையப் பகுதி, பஃபர், மாறுநிலைப் பகுதி என்ற மூன்று அடுக்கு முறைக்கு வந்தார்கள். 1986இல் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக 5,520 சதுர கிலோமீட்டரில், மூன்று மாநிலங்களில் பரந்து அமைந்த நம் நீலகிரியும் அந்த அச்சில் வார்த்ததுதான். உலகத் தாவரவியலுக்குச் 'சோலை' என்ற சொல்லைக் கொடுத்த மலைகள் இவை. அவை தம் எல்லைக்கு மட்டும் பஃபர் என்று பெயர் வைத்துக்கொண்டு நிற்பது எனக்கு உறுத்துகிறது.

ஆகவே வெளி, உள், சுற்று, வளையம் என்ற திசைச் சொற்கள் எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. உறவைச் சொல்லும் சொல் வேண்டும். அது நம் கையிலேயே இருக்கிறது. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று ஆறாம் வகுப்பில் ஒப்பித்தவர்கள்தானே நாம்? காப்பகமும் காப்பகம் சார்ந்த நிலமும். சுருக்கினால் 'சார்நிலம்'. சார்தல் என்றால் பக்கத்தில் இருத்தல், ஒன்றை நம்பி வாழ்தல் இரண்டும்தான். ஊர் காட்டின் தண்ணீரையும் விறகையும் சார்ந்திருக்கிறது. யானை வழித்தடம் ஊரின் மேய்ச்சல் நிலத்தைச் சார்ந்திருக்கிறது. மேலே இருந்தாலும், கீழே இருந்தாலும், நாம்சே போல நட்டநடுவில் இருந்தாலும் சார்நிலம் சார்நிலம்தான். சார்நில ஊர்கள், சார்நிலக் குழு, சார்நில வருவாய் என்று கூட்டியும் பாருங்கள், நாக்கு இடறவில்லை.

——

கொடைக்கானலிலிருந்து

உதகை நண்பரின் விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் நான் பத்திரம் எழுதிப் பிழைப்பவள். என் காதுக்குச் 'சார்' என்றால் சார்பதிவாளர், சார் ஆட்சியர், சார்நிலைக் கருவூலம். எல்லாமே ஒரு படி கீழே. மன்னவனூர்க்காரரிடம் போய் உங்கள் ஊர் சார்நிலம் என்று சொன்னால், நிலத்தின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைப்பார். அடுத்ததாக, விடுமுறைக்கு வந்து ஏக்கர்கணக்கில் வாங்கிப்போட்ட ஏதோ ஒரு சாரின் நிலம் என்று நினைப்பார். இரண்டாவது இங்கே பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும்.

விளையாட்டு இருக்கட்டும். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் சரணாலயங்களைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குச் சூழல் உணர்திறன் மண்டலம் வேண்டும் என்று உத்தரவிட்டபோது, கேரளத்தில் அதற்கும் பஃபர் ஜோன் என்றே பெயர் பரவிக் கடையடைப்பு வரை போனது. மறு ஆண்டு ஏப்ரலில் உத்தரவைத் தளர்த்தினார்கள். இங்கும் 2013இல் சரணாலயம் அறிவித்ததிலிருந்து பட்டா மாற்றத்துக்கு வருபவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, 'எங்கள் சர்வே நம்பர் ஜோனில் வருகிறதா?' என்பதுதான். எந்த ஜோன் என்று அவர்களுக்கும் தெரியாது, கேட்டால் சொல்ல அலுவலகத்திலும் ஆளில்லை. நீங்கள் எந்தச் சொல்லை வைத்தாலும் சரி, இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

——

உதகையிலிருந்து

அக்கா சொன்ன இரண்டாவது செய்தி முக்கியமானது. சூழல் உணர்திறன் மண்டலம் காப்பகத்துக்கு வெளியே, வேறு சட்டத்தின்கீழ், கட்டுமானத்தையும் ஆலைகளையும் கட்டுப்படுத்த அறிவிப்பது. புலிகள் காப்பகத்தின் பஃபர் ஜோன் அந்தக் காப்பகத்தின் பகுதியே. தமிழில் வேறு வேறு பெயர் இருந்தால் இந்தக் குழப்பம் பாதி குறையும். 'மண்டலம்' என்ற வாலை நான் வெட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். மண்டலம் என்று முடியும் எதுவும் இப்போது மக்கள் காதில் தடை உத்தரவாகவே விழுகிறது.

சார்பதிவாளர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பதவிப் பெயருக்கு முன்னால் வரும்போது மட்டும்தான் அது கீழ்நிலையைக் குறிக்கிறது. 'வேளாண் சார் தொழில்' என்று எல்லோரும் எழுதுகிறோம், அதில் தாழ்வு எதுவும் தொனிக்கவில்லை. அந்தச் சாரின் நிலத்துக்கு மட்டும் என்னிடம் மறுமொழி இல்லை.

——

பழனியிலிருந்து

மிளையைக் கைவிட எனக்கு மனமில்லை. ஆயினும் பகைவர் பற்றிய கேள்விக்கு என்னிடம் நேரான விடை இல்லாததால் சார்நிலத்துக்குச் சம்மதம். இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள், 'சார் நிலம்' என்று பிரித்தால் அம்மையார் சொன்ன வம்பு வரும். முன்னுரையிலாவது மிளைக்கு ஒரு வரி ஒதுக்கவும்.

——

கோத்தகிரியிலிருந்து

அனைவருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறேன்: பொதுச் சொல்லாகச் சார்நிலம். முதுமலை பற்றிய அரசாணைகளைச் சுட்டும் இடங்களில் மட்டும் வெளிமண்டலம், ஏனென்றால் படிப்பவர் ஆவணத்தில் தேடும்போது அந்தச் சொல்தான் அகப்படும். சூழல் உணர்திறன் மண்டலத்துக்குத் தனிப்பெட்டி போட்டு வேறுபாட்டை எழுதிவிட்டேன். அக்கா கேட்ட சர்வே நம்பர் கேள்விக்கும் அங்கே ஒரு பத்தி உண்டு. மிளைக்கும் ஒரு வரி உண்டு, ஐயா.

வாக்கியம் இப்போது இப்படி இருக்கிறது: "சாகர்மாதா தேசியப் பூங்காவின் நடுவிலுள்ள ஊர்களும் தெற்கேயுள்ள பாரக் பகுதியும் 2002இல் அதன் சார்நிலமாக அறிவிக்கப்பட்டன."

அடுத்து மூன்றாவது அடுக்கு. 'மாறுநிலைப் பகுதி' என்று உதகை நண்பர் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். அங்கே எது எதுவாக மாறுகிறது என்று எனக்குப் புரியவில்லை. வியாழன் மாலைக்குள் யாராவது எழுதினால் நல்லது.