மறு: 'உலகளாவிய அடிப்படை வருமானம்' – மாற்ற வேண்டுமா?

> செய்தித்தாள்களில் பழகிப்போன சொல். இப்போது போய் ஏன் மாற்ற வேண்டும்?

வணக்கம் ஐயா. பழகிவிட்டதுதான், ஆனால் தவறாகப் பழகியிருக்கிறது. 'Universal Basic Income' என்பதைத் தமிழில் 'உலகளாவிய' என்றதும் ஐ.நா. சபை ஊர் உலகத்துக்கெல்லாம் பணம் பட்டுவாடா செய்யப்போகிறது என்று தோன்றுகிறது. இங்கே பேச்சே வேறு. ஒரு நாட்டில் ஏழை, பணக்காரர், வேலையில் இருப்பவர், இல்லாதவர் என்று பிரிக்காமல் ஆளுக்கு இவ்வளவு என்று அரசு தவறாமல் கொடுப்பது. யாரையும் விலக்காமைதான் சொல்லில் வர வேண்டும். அரசியல் சண்டையும் அங்கேதான். 'கோடீஸ்வரனுக்கும் எதற்கு?' என்கிறது ஒரு தரப்பு. 'தகுதி பார்க்கத் தொடங்கினால் சான்றிதழ் காட்ட முடியாத ஏழைதான் முதலில் விடுபடுவார். கோடீஸ்வரனுக்குக் கொடுத்ததை வரியாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்' என்கிறது இன்னொன்று.

'குறைந்தபட்ச வருமானம்' ஒத்துவராது. அது வருமானம் குறைந்தவருக்கு மட்டும் துண்டு விழுவதை நிரப்பும் வேறு திட்டம். 'உதவித்தொகை' என்றால் எதிர்ப்பவர் பக்கமும் 'உரிமைப்பணம்' என்றால் ஆதரிப்பவர் பக்கமும் சாய்ந்துவிடுவோம்.

'நிபந்தனையற்ற அடிப்படை வருமானம்' என்பதற்கு முன்மாதிரி உண்டு. 2016-இல் சுவிட்சர்லாந்து பொது வாக்கெடுப்புக்கு வந்தது அந்தப் பெயரில்தான். சுமார் 77 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். ஆனால் ஃபின்லாந்தைப் பாருங்கள். 2017, 2018 ஆண்டுகளில் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்தார்கள். வேலை கிடைத்த பிறகும் நிறுத்தவில்லை. நிபந்தனை இல்லை, சரி. ஆனால் அனைவருக்கும் இல்லையே! அலாஸ்கா இதற்கு நேரெதிர். எண்ணெய் வருவாயில் உருவான நிதியிலிருந்து 1982 முதல் அங்கே குடியிருப்போருக்கு ஏழை பணக்காரர் பாராமல் ஆண்டுதோறும் பங்கு போகிறது. தொகை ஏறி இறங்கும், அதை வைத்துப் பிழைக்க முடியாது. அதில் 'அடிப்படை' இல்லை.

ஆகவே என் பரிந்துரை: அனைவர்க்கும் அடிப்படை வருமானம்.

---

> அனைவர்க்கும் அடிப்படை வருமானம்

பொருள் சரி, ஒலி தேர்தல் முழக்கம் மாதிரி இருக்கிறது. 'பொது' போட்டுப் பார்த்தேன். 'பொது வருமானம்' அரசு கஜானாவை நினைவூட்டுகிறது. இலங்கையில் 'சர்வசன வாக்குரிமை' என்பார்கள். அந்தச் 'சர்வசன' கச்சிதமானது, ஆனால் இன்று புதிதாக எடுத்தால் பலருக்குப் பிடிபடாது. 'அனைவருக்குமான அடிப்படை வருமானம்' என்றால் பெயராக நிற்கும். கட்டுரையில் முதல்முறை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் 'அடிப்படை வருமானம்' போதும்.

பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1962-இல் முன்வைத்த 'எதிர்மறை வருமான வரி'யை (வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே போனால் வரி வாங்காமல் அரசே பணம் தருவது) இதோடு குழப்ப வேண்டாம். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.