கோரஸ்: பாடற்குழுவா, குரவையா?

அன்புள்ள ஐயா,

கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் வரும் கோரசுக்கு நீங்கள் முன்வைத்த 'பாடற்குழு' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. எளிய சொல், யாருக்கும் உடனே விளங்கும் என்கிறீர்கள்; உண்மைதான். ஆனால் அதைப் படிப்பவர் மனத்தில் மேடையோரம் நின்று பாடும் சிலர்தான் தோன்றுவார்கள். ஏதென்ஸில் கோரஸ் அப்படி ஓரத்தில் நின்றதில்லை.

கிரேக்கர்களுக்குக் 'கோரோஸ்' என்றால் ஆடிப் பாடும் கூட்டம். கிரேக்கத் தெய்வமான டையனைசஸின் பெயர் கொண்ட அரங்கில் அவர்களுக்குரிய களத்தின் பெயரான 'ஆர்க்கெஸ்ட்ரா'வுக்கே ஆடுமிடம் என்றுதான் பொருள். நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் காலத்தில் 12 பேர் ஆடினார்கள்; அவருக்குப் பின் வந்த சோஃபக்ளீஸ் அதை 15 ஆக்கினார் என்பது மரபுச் செய்தி. எல்லோரும் முகமூடி அணிந்த ஆண்கள், அந்நகரத்துக் குடிமக்கள்.

அதோடு, அவர்கள் கதைக்குள் வாழும் மாந்தர்கள். ஈஸ்கிலசின் 'அகமெம்னான்' நாடகத்தில் ஆர்கோஸ் நகரத்து முதியவர்களாக வருகிறார்கள். அரண்மனைக்குள் மன்னன் வெட்டுண்டு அலறுகிறான். ஊரைக் கூட்டலாமா, உள்ளே பாய்ந்துவிடலாமா என்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். எதுவும் செய்வதற்குள் கொலை முடிந்துவிடுகிறது. அந்நாடகம் இடம்பெறும் முத்தொகுதியின் கடைசி நாடகத்தில் கோரஸ், பழி தீர்க்க வந்த தேவதைகள். அங்கே நடக்கும் கொலை வழக்கில் ஒரு கட்சியே அவர்கள்தான். கோரசை நடிகர்களுள் ஒருவராகவே கொள்ள வேண்டும் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். இவ்வளவையும் 'பாடற்குழு' எப்படித் தாங்கும்?

என் பரிந்துரை 'குரவை', அதாவது பலர் கைகோத்து ஆடிப் பாடும் பழந்தமிழ்க் கூத்தின் பெயர். ஆடுபவர்கள் குரவையர்.

பழஞ்சொல் மேல் உள்ள பற்றினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை வரும் இடத்தை எண்ணிப் பாருங்கள். பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, எருதின் கண்ணில் நீர் வழிகிறது. ஏதோ தீங்கு வரப்போகிறது என்று அஞ்சிய மாதரி, கண்ணகிக்கு அடைக்கலம் தந்த ஆயர் மூதாட்டி, கண்ணகியும் காணக் குரவை ஆடுவோம் என்கிறாள். எழுவர் கைகோத்து ஆடுகிறார்கள். கோவலன் முந்தைய காதையிலேயே வெட்டுண்டுவிட்டான். அது நமக்குத் தெரியும், ஆடுபவர்களுக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்தபின், அடுத்த பகுதியான துன்பமாலையில் செய்தி வந்து சேருகிறது.

இப்போது சோஃபக்ளீசின் 'ஆன்டிகனி'. தான் தண்டித்த ஆன்டிகனியை விடுவிக்க மன்னன் கிரியோன் விரைகிறான். எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் தீப்ஸ் நகரத்து முதியவர்கள் டையனைசசை அழைத்து மகிழ்ந்து பாடுகிறார்கள். பாட்டு முடிந்ததும் தூதன் வருகிறான். கிரியோனின் மகன் ஹீமோன் இறந்துவிட்டான் என்கிறான். இரண்டு இடங்களையும் அடுத்தடுத்துப் படித்தால் நெஞ்சு பதைக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. அழிவு நெருங்கும்போது ஒரு கூட்டம் தெய்வத்தை வேண்டி ஆடுவது நாடகத்துக்குள் என்ன செய்கிறது என்பதை அறிந்த சொல் நம்மிடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறொன்றை ஏன் தேட வேண்டும்?

குரவை பெண்களின் வழிபாட்டு ஆட்டம் ஆயிற்றே என்று சென்ற மடலில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். தொல்காப்பியம் வெற்றியைப் பாடும் வாகைத் திணையில் முன்தேர்க் குரவையையும் பின்தேர்க் குரவையையும் சொல்கிறது. போர்க்களத்திலும் குரவை உண்டு. வட்டமாக ஆடுவது குரவை, துன்பியல் கோரசோ வரிசை கட்டி வரும் என்ற தடை இதைவிட வலுவானது. அந்த வேறுபாடு உண்மை. ஆனாலும் கலைச்சொல் எல்லா விவரத்தையும் தானே சுமக்க வேண்டியதில்லை. வரிசை பற்றி விளக்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.

இச்சொல் நன்றாகக் கிளைக்கவும் செய்கிறது. கோரசின் தலைவர் குரவைத் தலைவர், ஆர்க்கெஸ்ட்ரா குரவைக்களம், செலவை ஏற்ற செல்வந்தர் குரவைப் புரவலர். கி.மு. 472இல் ஈஸ்கிலசின் 'பாரசீகர்கள்' அரங்கேறியபோது அந்தப் பொறுப்பை ஏற்றவர், பின்னாளில் ஏதென்ஸின் தலைவரான பெரிக்ளீஸ். 'பாடற்குழுப் புரவலர்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஐயா.

பிற்காலத் தழுவல்களுக்கு இந்த ஒரே சொல் போதாது. கவிஞர் டி. எஸ். எலியட்டின் 1935ஆம் ஆண்டு நாடகமான 'தேவாலயத்தில் கொலை'யில் வரும் கேன்டர்பரிப் பெண்களைக் குரவையர் எனத் தயங்காமல் சொல்லலாம். நைஜீரிய எழுத்தாளர் சோயிங்கா 1973இல் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீசைத் தழுவியபோது சேர்த்த அடிமைகளின் கூட்டமும் அப்படியே. ஆனால் 1944இல், ஜெர்மானியரின் பிடியில் இருந்த பாரிஸில் அரங்கேறிய, பிரெஞ்சு நாடகாசிரியர் அனூயின் 'ஆன்டிகனி'யில் கோரஸ் ஒரே ஒருவர். தொடக்கத்திலேயே 'முன்னுரை' என்ற பெயரில் தனியொருவர் மாந்தர்களை நமக்கு அறிமுகம் செய்கிறார்; ஆன்டிகனி சாகப்போகிறாள் என்பதும் அப்போதே சொல்லப்பட்டுவிடுகிறது. ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி'யிலும் தனியொருவரே. இவர்களைக் குரவை என்றால் பொருந்தாது. தெருக்கூத்தின் கட்டியங்காரன் செய்யும் வேலையில் நகைச்சுவையைக் கழித்தால் மிஞ்சுவது ஏறத்தாழ இதுதான். ஆகவே இங்கே 'கட்டியர்' என்று வைக்கலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதால் தமிழிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை. திரையிசையில் வழங்கும் 'கோரஸ்' அங்கேயே இருக்கட்டும். தேவாலயப் பாடகர்களுக்கு உங்கள் 'பாடற்குழு' மிகப் பொருத்தம்.

குரவையர் களத்துக்குள் நுழையும்போது பாடும் 'பாரடோஸ்' புகுபாட்டு ஆகட்டும். களத்தில் நிலைகொண்டபின் காட்சிகளுக்கு இடையே பாடும் 'ஸ்டாசிமோன்' மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 'நிலைப்பாட்டு' என்றால் ஆடாமல் நின்று பாடுவதாகத் தோன்றுகிறது, அவர்கள் ஆடினார்கள். 'களப்பாட்டு' சரிவருமா? யாப்பு அறிந்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்.