தரம் 9 பிள்ளைகள் இருவர் விளையாட்டிலிருந்து ஒதுங்குகிறார்கள்: வளர்ச்சியா, குறைபாடா?

முல்லை_வகுப்பாசிரியை:
வணக்கம். ஒரு பெடியன் ஒரு வருடத்துக்குள் நெடுநெடுவென வளர்ந்துவிட்டான். போன வருடம் நன்றாக உதைபந்து விளையாடியவன், இப்போது பந்தை மிதித்து விழுகிறான். ஒரு பெண்பிள்ளைக்குச் சின்னனிலிருந்தே பந்து பிடிபடாது, சைக்கிள் ஓடத் தெரியாது, கவராயத்தால் வட்டம் கீறினாலும் வழுக்கும். இருவரும் உடற்கல்விப் பாடவேளையில் தலையிடி, வயிற்றுக்குத்து என்று மரத்தடியில் இருக்கினம். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஐந்து கிழமைதான் இருக்கு. என்ன செய்யலாம்?

கிளிநொச்சி_உடற்கல்வி:
ரீச்சர், இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதேங்கோ. உயரம் கூடும் வேகம் பெண்பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டியும் ஆண்பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டியும் உச்சத்துக்கு வரும். அந்த வருடத்தில் ஒரு பெடியன் 9, 10 செ.மீ. உயரலாம். பாதமும் காலும் முந்தும், உடம்பு பிந்தும். கால் நீண்டது மூளைக்குப் பிடிபட முன்னமே பந்து வந்துவிடுகிறது.

மாதமொருதரம், காலையில், செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி அளவுங்கோ (பின்னேரம் அளந்தால் ஒரு செ.மீ. அளவில் குறைத்துக் காட்டும்). மூன்று மாதத்தில் 2 செ.மீ. கூடியிருந்தால் விசயம் இதுதான். புது வித்தை வேண்டாம், தெரிந்ததையே மெதுவாகச் செய்யட்டும்: ஐந்து தண்ணிப் போத்தலை 2 மீற்றர் இடைவெளியில் வைத்து, நடந்தபடி பந்தை உருட்டிக்கொண்டு போவது, ஒற்றைக்காலில் 30 வினாடி நிற்பது. 10 நிமிடம், கிழமைக்கு 3 நாள் போதும். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து நொந்தாலோ குதிக்கால் நொந்தாலோ பாய்ச்சலைக் குறையுங்கோ; வளரும் எலும்பைத் தசைநாண் இழுக்கிற நோ அது. அணியிலிருந்து மட்டும் எடுக்காதேங்கோ.

வவுனியா_இயன்மருத்துவம்:
பெண்பிள்ளைக்கு அசைவு ஒருங்கிணைப்புக் குறைபாடு (கைகாலை ஒழுங்காகச் சேர்த்து அசைக்கப் பழகுவது கடினமாக இருக்கும் நிலை) இருக்கக்கூடும். ஆரம்பப் பாடசாலை வயதில் 100 பேரில் 5, 6 பிள்ளைகளுக்கு உண்டு. புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சோம்பலும் காரணமில்லை, பலருக்கு வளர்ந்தபிறகும் தொடரும். முதலில் கண்பார்வையைச் சோதியுங்கோ. ஒரு பக்கக் கைகால் மட்டும் பலவீனம், முன்பு செய்ததை இப்போது செய்யமுடியாமை, காலையில் தலையிடியோடு வாந்தி, தலையில் பழைய காயம், இவற்றில் ஒன்றிருந்தாலும் பயிற்சிக்கு முன் வைத்தியரிடம் காட்டவேணும்.

பொதுவான சமநிலைப் பயிற்சி கொடுத்தால் அந்தப் பயிற்சியில்தான் தேறுவாள், சைக்கிள் வராது. அவளுக்குத் தேவையான ஒன்றை அவளே தெரிவுசெய்யட்டும், அதையே பழக்குங்கோ. என்ன செய்யப்போகிறாய், எப்படி, இப்போ செய், சரிவந்ததா என்று அவள் வாயாலேயே சொல்லவிடவேணும்.

அனேகமாகச் சைக்கிளைத்தான் கேட்பாள், பள்ளிக்கும் ரியூசனுக்கும் அதில்தானே போகவேணும். இரண்டு பெடலையும் கழற்றுங்கோ. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம். மணிக்கூட்டு முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும், மற்றப்பக்கம் திருப்பினால் இறுகும். இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படுமளவுக்குச் சீற்றை இறக்குங்கோ. இறுகிய மண்ணில், மெல்லிய சரிவில் காலால் தள்ளிக்கொண்டு போகட்டும். தளர்ந்த கிரவலில் முன்சில்லு வழுக்கும். காலைத் தூக்கி 10 மீற்றர் உருண்டால் பெடலைப் பூட்டலாம். சீற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடவேண்டாம். சாய்வை நீங்கள் நிமிர்த்தினால், சாயும் பக்கம் ஹாண்டிலைத் திருப்பி நிமிர அவள் பழகமாட்டாள்.

மாங்குளம்_வலைப்பந்து:
பந்து தவறுவதை விட, அதை முழு வகுப்பும் பார்ப்பதுதான் பிள்ளையை உடைக்கும். தலைவர்கள் ஒவ்வொருவராக ஆள் எடுப்பதை இன்றைக்கே நிற்பாட்டுங்கோ. இடாப்பு ஒழுங்கில் பிரிக்கலாம். கிளித்தட்டில் அடிபட்டவர் வெளியே இருக்கும் முறையென்றால், கூடப் பழகவேண்டிய பிள்ளைதான் குறைய விளையாடும். பத்து எண்ணிவிட்டுத் திரும்ப உள்ளே விடுங்கோ.

அமெரிக்க உளவியலாளர் சூசன் ஹார்ட்டர் 1988 இல் பதின்மவயதினர் தம்மைத் தாமே மதிப்பிடுவதற்கென வெளியிட்ட அளவுகோலில் படிப்பு, விளையாட்டு, தோற்றம், நட்பு எல்லாம் வேறுவேறு. தன்னைப் பற்றிய மொத்த மதிப்பும் வேறு. தான் பெரிதாக நினைக்கும் துறையில் பின்தங்கினால்தான் மொத்தமும் சரியும். பாடசாலை முழுக்கப் போட்டியே பேச்சாக இருக்கும் இந்தக் கிழமைகளில் கவனம் தேவை. சும்மா "கெட்டிக்காரி" என்றால் நம்பமாட்டாள். "நேற்று 20 இல் 9, இன்றைக்கு 13" என்று சொல்லுங்கோ.

பிடிக்கப் பழக்க: காற்றுக் குறைந்த பந்து, 2 மீற்றர் தூரம், ஒருதரம் நிலத்தில் குத்தி எழும்பி வரட்டும். 20 இல் 16 பிடித்தால் அரை மீற்றர் பின்னுக்குப் போங்கோ. முகத்தைத் திருப்பினால் பயம், இன்னும் மெதுவான பந்து வேணும். கையை விறைப்பாக நீட்டினால் பந்து பட்டுத் தெறிக்கும். பந்தை நெஞ்சுக்கு இழுக்கச் சொல்லுங்கோ.

வயிற்றுக்குத்தைப் பொய் என்று எடுக்காதேங்கோ, மாதவிடாய் வலியாயும் இருக்கலாம். உடை மாற்ற மறைவான இடம் இருக்கா?

முல்லை_வகுப்பாசிரியை:
இப்போதைக்கு இல்லை, அதிபரிடம் கேட்கிறேன். அவளை அஞ்சலோட்டத்தில் போடலாமா?

கிளிநொச்சி_உடற்கல்வி:
அவளே கேட்டால், முதல் ஆளாகப் போடுங்கோ. கோலைக் கொடுத்தால் போதும், ஓடிக்கொண்டு வாங்கத் தேவையில்லை. அணிநடையில் நடு வரிசையில், சீராக நடக்கும் பிள்ளைக்குப் பின்னால் விடுங்கோ. என் தெரிவு குண்டு போடுதல். எதுவும் அவளை நோக்கிப் பறந்து வராது, தன் நேரத்தில் செய்யலாம். வயதுப் பிரிவுக்குரிய குண்டு, நின்ற நிலையில் 15 தரம், கிழமைக்கு 3 நாள். குண்டு கழுத்தோடு ஒட்டியிருக்கவேணும். முழங்கை கீழே விழுந்தால் தள்ளுவது எறிவதாக மாறி, தோள் நோகும்.