வாசனை டீ: பெட்டியில் இருக்கிற மணம் டம்ளரில் இல்லை

கடுந்துவர்ப்பு:
பரிசாக ஒரு பெட்டி வந்தது. உள்ளே மசாலா, வனிலா, பெர்கமோட் (எலுமிச்சை இனத்துப் பழம் ஒன்றின் வாசனை), இஞ்சி எலுமிச்சை, செம்பருத்தி கலந்தது என்று வகைவகையாக டீ. பொட்டலத்தைப் பிரித்தால் ஆளைத் தூக்குகிறது. குடித்தால் எல்லாம் ஒரே டீதான்.

நான் போடும் விதம்: பாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி வைத்து, டீயைப் போட்டு, இரண்டு பொங்கு பொங்கவிட்டு இறக்குவேன். சாதாரண டீத்தூளில் இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை. செம்பருத்தியைப் போட்டதும் பால் திரிந்தே போய்விட்டது. பெட்டியில் ‘வெந்நீரில் 3 முதல் 5 நிமிடம்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. 3-இல் எடுத்தால் சப்பென்று இருக்கிறது. 5 வரை விட்டால் நாக்கைப் பிடித்துக்கொள்கிறது. என்ன செய்யலாம்? சர்க்கரையை அள்ளிக் கொட்டு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நுரைதட்டி:
மசாலாவைக் கொதிக்க விடுங்கள், வனிலாவையும் பெர்கமோட்டையும் கொதிக்க விடாதீர்கள். செம்பருத்தியில் புளிப்பு அதிகம், அதற்குப் பாலே ஆகாது.

மூன்றாம்வடி:
நுரைதட்டி சொன்னது சரி. காரணமும் தெரிந்தால் எந்தப் பெட்டி வந்தாலும் சமாளித்துவிடலாம். தேயிலை ருசி பார்க்கிற வேலையில் கொஞ்ச காலம் இருந்தவள் என்பதால் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வனிலா, பெர்கமோட் வகைகளில் அந்த மணம் தேயிலையுடையது இல்லை. காய்ந்த இலைமேல் எண்ணெயாகவோ எசென்ஸாகவோ தெளித்து ஏற்றியது. கொதிக்க வைத்தால் ஆவியோடு முதலில் கிளம்புவது அதுதான். அடுப்படி மணக்கிறது என்றால் டம்ளருக்கு வர வேண்டியது அங்கே போய்விட்டது. அதனால் தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, பிறகு இலையைப் போட்டு உடனே மூடுங்கள். மூடியைத் திறக்கும்போது உள்பக்கம் முத்துமுத்தாக நீர் நிற்கும். அதை முகர்ந்து பாருங்கள். பிறகு டம்ளரிலேயே தட்டிவிடுங்கள், வீணாக்க வேண்டாம்.

சப்பென்று இருந்தால் நேரத்தைக் கூட்டாதீர்கள், இலையைக் கூட்டுங்கள். காஃபீன் சீக்கிரமே இறங்கிவிடும். துவர்ப்போ விட்டால் இறங்கிக்கொண்டே இருக்கும். 150 மில்லிக்கு 2 கிராம் போடுகிறவர் 3 கிராம் போட்டு, 3 நிமிடத்தில் வடித்துவிடுங்கள். இலை பெரிதாக இருந்தால் இன்னும் ஒரு நிமிடம் தாங்கும். சிடிசி (இயந்திரத்தில் நசுக்கி உருட்டிய டீத்தூள்) மாதிரி குருணையாக இருந்தால் 2 நிமிடமே போதும். பச்சைத் தேயிலை என்றால் தண்ணீரை 75, 80 டிகிரிக்கு ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

உங்கள் வழக்கமான டீ இவ்வளவு நாள் குறை சொல்லாமல் இருந்ததற்குப் பால்தான் காரணம். பாலில் இருக்கிற கேசீன் என்ற புரதம் துவர்ப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பாலே மெல்லிய வாசனைகளையும் அமுக்கிவிடும். வனிலாவுக்கு ஒரு ஸ்பூன் பால் சரி. பெர்கமோட்டுக்குப் பால் சேர்ப்பவர்களும் உண்டு. எனக்கு அது ஆகாது.

மசாலா கதை நேரெதிர். பட்டையும் கிராம்பும் 3 நிமிடத்தில் வாயைத் திறக்காது. தண்ணீரில் அவற்றை மட்டும் தட்டிப் போட்டு ஏழெட்டு நிமிடம் கொதித்தபின் டீத்தூள், 2 நிமிடம் கழித்துப் பால், இறக்கும்போது நசுக்கிய ஏலக்காய். பொட்டலத்தில் எல்லாம் கலந்தே வந்தால் இது முடியாது, அதனால்தான் மசாலா டீ பொட்டலங்கள்மேல் எனக்கு மரியாதை இல்லை. பச்சை இஞ்சி சேர்ப்பதாக இருந்தால் பாலுக்கு முன்பே நன்றாகக் கொதிக்க வேண்டும். இஞ்சியில் பாலைத் திரிய வைக்கும் நொதி ஒன்று இருக்கிறது, கொதித்தால் அது செத்துவிடும்.

ருசி பார்க்கும் மேசையில் 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம். ஐ.எஸ்.ஓ. 3103 என்ற தரவிதியே அப்படித்தான் இருக்கிறது. அதை வீட்டில் குடிக்கக் காப்பியடிக்காதீர்கள், இலையில் இருக்கிற குறை எல்லாம் வெளியே வரட்டும் என்றே அவ்வளவு நேரம் விடுவது. ஆனால் அங்கிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘சர்ர்’ என்று சத்தம் வர உறிஞ்சுவது. வனிலா, பட்டை எல்லாம் பெரும்பாலும் தொண்டை வழியாக மூக்குக்குப் போய்த்தான் தெரியும். காற்றோடு உறிஞ்சினால் அது போய்ச் சேரும். விருந்தாளி இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

பாதிடம்ளர்:
தண்ணீரையும் பாருங்கள். கால்சியம் அதிகமுள்ள கடின நீரில் டீயின் மேல் பளபளவென்று ஒரு படலம் கட்டும், ருசியும் மந்தமாகும். வடிகட்டிய தண்ணீரில் ஒரு தடவை போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

அப்புறம், இஞ்சி எலுமிச்சையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். துவர்ப்பு மிகக் குறைவாகத்தான் இறங்கும்.

கடுந்துவர்ப்பு:
மூடி வைத்து, இலையைக் கூட்டி, 3 நிமிடத்தில் வடித்தேன். பெர்கமோட் இப்போது பெர்கமோட்டாக இருக்கிறது, பால் இல்லாமலே. வனிலாவில் வாசனை வந்துவிட்டது, ஆனால் எனக்கு அது பிஸ்கட்டைக் கரைத்துக் குடிப்பது போலத்தான். வீட்டில் வேறு ஆள் குடிக்கட்டும். இன்னொரு சந்தேகம்: பிரித்த பொட்டலங்களை எல்லாம் ஒரே டப்பாவில் போட்டு வைக்கலாமா? சாதாரண டீத்தூளும் அதில்தான் இருக்கிறது.

மூன்றாம்வடி:
வேண்டவே வேண்டாம். தேயிலை பக்கத்தில் இருப்பதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். மல்லிகை டீயே புது மல்லிகையோடு இலையைச் சேர்த்து வைத்துத்தான் தயாராகிறது. தனித்தனி டப்பா, இறுக்கமான மூடி. மசாலாவை இன்னும் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் சாதாரண டீயிலும் கிராம்பு வரும்.