நாஸ் பெட்டியில் பார்ட்டிஷன் அழித்த அனுபவங்கள்

கடைத்தெருக்காரன்:

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், இங்கே நாஸ் பெட்டிக்கு (பல டிஸ்க்கைப் போட்டு, வீட்டு நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. கல்யாண வீடியோ எடுக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்படி ஒரு தம்பி தன் சினாலஜி கம்பெனி நாஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான்கு டிஸ்க்கும் நிறைந்துவிட்டன. "அண்ணே, ஒவ்வொரு டிஸ்க்லயும் முன்னுக்கு ரெண்டு குட்டி பார்ட்டிஷன் சும்மா கிடக்கு. அழிச்சிட்டா இடம் வந்திரும்ல?" என்றார். பார்ட்டிஷன் என்றால் ஒரு டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் துண்டு. அந்த இரண்டும் சும்மா கிடக்கவில்லை. முதலாவதில் பெட்டியின் இயங்குதளமே இருக்கிறது, அடுத்தது ஸ்வாப், நினைவகம் போதாதபோது பெட்டி பயன்படுத்தும் இடம். எல்லா டிஸ்க்கிலும் அதே நகல் இருப்பதால்தான் ஒன்று செத்தாலும் பெட்டி எழுந்துகொள்கிறது. நம் கோப்புகள் இருப்பது அதற்கடுத்த பெரிய துண்டில். அந்த இரண்டையும் அழித்தால் மிஞ்சுவது சில ஜிபி, ஒரு கல்யாணத்துக்கே காணாது.

அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது பழைய இரண்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பெரியதாகப் போடுவது. நல்லவேளை, அந்த ஜோடி தனி ஸ்டோரேஜ் பூலாக, அதாவது ஒன்றாகச் சேர்த்த தனித் தொகுப்பாக, இருந்தது. முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தோம். நகல் முடிந்தது என்று திரையில் வந்தால் போதுமென்று விடாமல், அங்கங்கே சில வீடியோக்களை ஓட்டியும் பார்த்தோம். அப்புறம் பகிர்வு ஃபோல்டர், அது இருக்கும் வால்யூம், அதற்கும் அடியில் இருக்கும் பூல் என்று மேலிருந்து கீழே, பெட்டியின் ஸ்டோரேஜ் மேனேஜர் வழியாகவே நீக்கினோம். பார்ட்டிஷனைக் கையால் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. கூரையைப் பிரிக்காமல் தூணை உருவுகிறவர்கள்தான் பெரும்பாலும் என் கடைக்கு வருகிறார்கள்.

பள்ளிக்கூடத்துப் பக்கம்:

நம்மிடம் சினாலஜி எல்லாம் கிடையாது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்காகப் பழைய கணினியில் ஓப்பன்மீடியாவால்ட் என்ற இலவச நாஸ் மென்பொருளைப் போட்டு ஓட்டுகிறேன். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, எல்லாப் படமும் அதில்தான்.

ஒரு டிஸ்க்கைக் காலி செய்ய வேண்டியிருந்தது. டிஸ்க்கைப் பயன்பாட்டிலிருந்து விடுவிக்கும் அன்மவுண்ட் பொத்தான் மங்கிப்போய்க் கிடந்தது. கோளாறு என்று நினைத்து, கட்டளை தட்டும் டெர்மினலுக்கு ஓடாதீர்கள். அந்த டிஸ்க்கை ஏதோ ஒரு பகிர்வு ஃபோல்டர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பகிர்வை எடுத்ததும் பொத்தான் உயிர்பெற்றது. இதை ஒரு காவல்காரன் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

டெர்மினலில்தான் செய்வேன் என்பவர்களுக்கு இரண்டு விஷயம். டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) என்று வரும் பெயர்களை நம்பாதீர்கள். கூடுதலாக ஒரு டிஸ்க் செருகிவிட்டு மறுபடி பூட் செய்தால் நேற்றைய எஸ்டிபி இன்று எஸ்டிசி ஆகிவிடலாம். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையில் சீரியல் நம்பரையும் காட்டச் சொல்லி, டிஸ்க்கின் ஸ்டிக்கரில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். நான் டிஸ்க் தட்டுகளின் முகப்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, சீரியலின் கடைசி நான்கு எழுத்தை மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். பார்க்க அசிங்கம்தான், இருக்கட்டும்.

இரண்டாவது, பார்ட்டிஷனைப் போடவும் அழிக்கவும் உள்ள எஃப்டிஸ்க்கும் (fdisk) பார்ட்டட்டும் (parted) ஒன்றல்ல. எஃப்டிஸ்க்கில் அழித்தாலும் எழுதச் சொல்லி டபிள்யூ அடிக்கும்வரை டிஸ்க்கில் எதுவும் மாறாது. பயம் வந்தால் க்யூ அடித்து வெளியே வந்துவிடலாம். பார்ட்டட்டில் அழி என்றால் அந்தக் கணமே அழிந்துவிடும். ஒன்றில் பழகிய கை மற்றதில் உட்காரும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். பூட் ஆகும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் பழைய வரி இருந்தாலும் நீக்கிவிடுங்கள். இல்லாத டிஸ்க்கைத் தேடி அடுத்த பூட்டில் அவசர நிலைத் திரையில் போய் நின்றுவிடும்.

ஓய்வுபெற்ற கிராணி (தோட்டத்து எழுத்தர்):

நான் பழைய தோட்டத்துக் காகிதங்களை ஸ்கேன் செய்து சேர்த்துவருகிறேன். தொழிலாளர்கள் வாழ்ந்த லயத்து வீட்டுப் படங்கள், செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டுப் பக்கங்கள், 1960-ல் மலேசிய அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ்கள். மூலப் பிரதிகளைச் சொந்தக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர்களில் பலர் இன்று இல்லை.

அக்காள் மகன் உதவி செய்கிறேன் என்று உட்கார்ந்தான். 500 ஜிபி டிஸ்க்கை அழிக்க வேண்டும். பெட்டியில் அதே அளவில் இரண்டு இருந்தன. அழித்தது மற்றதை. பட்டியலைத் திறந்தால் அந்த டிஸ்க் மொத்தமும் காலி இடமாகத் தெரிகிறது. பையன் முகம் செத்துவிட்டது. புதிதாக பார்ட்டிஷன் போட்டு ஃபார்மேட் செய்து பார்க்கலாமா மாமா என்று கேட்டான். கையை எடுடா என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் காப்பாற்றியது.

பெட்டியை நிறுத்தி, கடைத்தெருக்காரரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் அந்த டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்தார். வேலையெல்லாம் நகலின் மேல்தான். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள், பழைய கோப்பு அமைப்பின் தலைப்பு எங்கே தொடங்குகிறது என்று டிஸ்க் முழுக்கத் தேடியது. தொலைந்த பார்ட்டிஷன் பட்டியலில் வந்து நின்றது. அதை டிஸ்க்கில் மறுபடி எழுதச் சொன்னதும் ஃபோல்டர்கள் பெயர் மாறாமல் திரும்பிவந்தன. அழிந்தது டிஸ்க்கின் முன்பக்கத்துப் பட்டியலில் இருந்த ஒரு வரி மட்டும்தான், படங்கள் இருந்த இடத்திலேயே இருந்திருக்கின்றன. இது சுழலும் டிஸ்க். சுழலாத எஸ்எஸ்டியாக இருந்து, பையன் கேட்டபடி ஃபார்மேட்டும் செய்திருந்தால் கதை வேறு என்றார். ஃபார்மேட் செய்யும்போதே டிரிம் கட்டளை போய் பழைய தரவைக் கழுவிவிடுமாம்.

வீடியோ தம்பி:

கடைத்தெரு அண்ணன் சொன்ன தம்பி நான்தான். கழற்றிய இரண்டு டிஸ்க்கையும் விற்கலாம் என்று இருக்கிறேன். பூலை நீக்கியாச்சு, போதும்தானே? கல்யாணப் பெண்கள் வீடியோ எல்லாம் அதில் இருந்தது.

கடைத்தெருக்காரன்:

போதாது தம்பி. மேலே ஐயா எழுதியதை இன்னொரு தடவை படிங்க. அவருக்குத் திரும்பி வந்த மாதிரியே வாங்குறவனுக்கும் வந்துவிடும். டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதி நிரப்பணும், 4 டிபி என்றால் பல மணி நேரம் ஓடும். சாயங்காலம் இடி மழை நேரத்தில் தொடங்காமல் ராத்திரி கொண்டுவாங்க, கடையில் யூபிஎஸ் இருக்கு, போட்டுவிட்டுப் போகலாம்.