சர்க்கரை சேர்க்காத சாலட் டிரெஸ்ஸிங் நீர்த்துப் போகிறது

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை நோய். கடை டிரெஸ்ஸிங்கில் பெரும்பாலும் சர்க்கரை இருப்பதால் வீட்டிலேயே செய்கிறேன்: துணியில் கட்டி வடித்த தயிர் 1 கப், ஊறவைத்து அரைத்த முந்திரி 2 ஸ்பூன், ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, பூண்டு, மிளகு, உப்பு.

மிக்ஸியில் அடித்ததும் வழவழவென்று அருமையாக வருகிறது. வெள்ளரிக்காயில் கலந்த பத்து நிமிடத்தில் தட்டின் அடியில் தண்ணீர் தேங்கி, மேலே திப்பிதிப்பியாக நிற்கிறது.

இந்தக் கடலோரப் புழுக்கத்தில் தயிர் சட்டென்று புளித்துவிடும் என்பதால் ஃபிரிட்ஜிலேயே இரவு முழுக்க வடித்துப் பார்த்தேன். வெள்ளரிக்கு உப்புப் போட்டுப் பிழிந்தும் பார்த்தாயிற்று. முந்திரியைக் கூட்டினால் கெட்டிப்படுகிறது, ஆனால் ருசி குருமா பக்கம் போய்விடுகிறது. தேன், பேரீச்சை வேண்டாம், அவையும் சர்க்கரைதான்.

தயிரை வைத்தே செய்து, காயோடு கலந்த பிறகும் அரை மணி நேரம் பிரியாமல் இருக்க எதை, எவ்வளவு சேர்க்க வேண்டும்?