கடைப் பெயர் பொறித்த சட்டைக்கு யார் பணம் கொடுத்தது?

வண்ணை வணிகர்:
"வடசென்னையில் சின்னக் கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்குக் கடைமேல் பற்றே கிடையாது, ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் ஓடிவிடுவார்கள்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் எம்.சி. சாலைப் பக்கமே வந்ததில்லை போலும். என் துணிக்கடையில் வேலை செய்யும் ஏழு பேருக்கும் கடைப் பெயர் பொறித்த சட்டை கொடுத்திருக்கிறேன். இரவு கடை சாத்திய பிறகும் அதை அணிந்துதான் பஸ் ஏறுகிறார்கள். பற்று இல்லாமலா?

ராயபுரத்துக்காரி:
சட்டைக்கு யார் பணம் கொடுத்தது?

வண்ணை வணிகர்:
பேச்சு பற்றைப் பற்றியது அம்மா, பணத்தைப் பற்றியதல்ல. பாதியைக் கடை ஏற்றுக்கொண்டது. மீதியைச் சம்பளத்தில் இரண்டு தவணையாகப் பிடித்தேன். சும்மா கொடுத்தால் அருமை தெரியாது.

ராயபுரத்துக்காரி:
அப்படியானால் "கொடுத்தேன்" என்று எழுதாதீர்கள். பாதி விலைக்கு விற்றேன் என்று எழுதுங்கள். விளம்பரம் உங்கள் கடைக்கு, செலவு அவர்கள் சம்பளத்தில். இரவு பத்தரைக்கு வெளியே வரும் பெண் கடைசிப் பஸ்ஸைப் பிடிப்பாளா, உடை மாற்ற இடம் தேடுவாளா? அதைப் பற்று என்று கணக்கு வைக்கிறீர்கள். நானும் துணிக்கடையில் நின்றவள்தான். வாடிக்கையாளர் முன்னால் "இவளுக்கு ஒன்றும் தெரியாது" என்று முதலாளி சொன்னார். அதற்குப் பிறகு என் தங்கையைக்கூட அந்தக் கடைக்கு நான் அனுப்பியதில்லை.

மணலி மனிதவளம்:
இருவரும் விஷயத்தை விட்டு விலகுகிறீர்கள். சரக்கு எங்கிருந்து வருகிறது, ஏன் இந்த விலை என்று சின்னக் கடைகளில் யாரும் சொல்லித் தருவதில்லை. தெரியாத ஒன்றைப் பற்றி யாரால் பெருமையாகப் பேச முடியும்?

ராயபுரத்துக்காரி:
தம்பி, சேலையைத் தொட்டவுடன் ஆரணியா காஞ்சிபுரமா என்று சொல்பவர்கள் நாங்கள். எங்களுக்குச் சரக்கு தெரியும். பத்து ரூபாய் குறைப்பதற்கும் கல்லாவைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறதே, அதுதான் எங்கள் குறை. வந்தவர் அதைக் கவனிக்கிறார். அடுத்த முறை எங்களைத் தாண்டி நேராகக் கல்லாவுக்குப் போகிறார். பிறகு அதை எங்கள் கடை என்று எந்த வாயால் சொல்வது? வணிகர் ஐயா, சட்டைக்குப் பிடித்த பணத்தைப் பற்றி இன்னும் பதில் வரவில்லை.

வண்ணை வணிகர்:
பதில் சொல்லியாயிற்று. பாதி நான் கொடுத்தேன். விலை குறைக்கும் உரிமையையும் ஒருமுறை கொடுத்துப் பார்த்தேன். ஆடித் தள்ளுபடியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார்கள். அந்த நஷ்டத்தை நீங்கள் கட்டுவீர்களா? தீபாவளி போனஸ் விவாதத்திலும் இதே அம்மாதான் என்னை மடக்கப் பார்த்தார். அதை நான் மறக்கவில்லை.

ராயபுரத்துக்காரி:
நானும் மறக்கவில்லை. போனஸ் சட்டம் பொதுவாக இருபது பேருக்குக் குறைவான கடைகளுக்குப் பொருந்தாது என்று அன்று சட்டம் பேசினீர்கள். இன்று நானும் சட்டம் பேசுகிறேன். ஊழியர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். உங்கள் கடையில் முக்காலி எத்தனை?

பெரம்பூர் பெரியவர்:
1918இல் இங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. திரு.வி.க.வும் வாடியாவும் முன்னின்ற சங்கம். பின்னி ஆலைத் தொழிலாளர்கள் முதலாளியோடு மல்லுக்கு நின்றார்கள். ஆனாலும் பின்னித் துணி என்றால் நெஞ்சை நிமிர்த்திப் பேசினார்கள். நெய்த துணி அப்படிப்பட்டது. யாரும் அவர்களுக்குப் பற்றைத் தவணையில் விற்கவில்லை.

மணலி மனிதவளம்:
அந்த ஆலை இன்று எங்கே ஐயா? சங்கத்தால்தான் மூடினார்கள்.

பெரம்பூர் பெரியவர்:
ஆலை மூடியது 1996இல். 1918இல் வந்த சங்கம் எழுபத்தெட்டு ஆண்டு காத்திருந்து மூடியதா? தெரியாவிட்டால் பேசாதீர்கள்.

வண்ணை வணிகர்:
முக்காலி இரண்டு இருக்கிறது. கூட்டம் இல்லாத நேரத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

ராயபுரத்துக்காரி:
ஏழு பேருக்கு இரண்டு! முதலில் சட்டைக்குப் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பற்றைப் பற்றி அப்புறம் பேசலாம்.

வண்ணை வணிகர்:
என் கடைக் கணக்கை உங்களிடம் காட்டும் அவசியம் எனக்கில்லை. பாதி நான் கொடுத்தேன், அவ்வளவுதான்.

மணலி மனிதவளம்:
பெரியவரே, ஆலை விவகாரத்துக்குத் தனி விவாதம் தொடங்குங்கள். அங்கே வந்து பதில் சொல்கிறேன்.

பெரம்பூர் பெரியவர்:
இங்கேயே சொல்லுங்கள். சங்கத்தைக் குறை சொன்னதும் இங்கேதானே?